பதிவில் ஒரு எண், முதுகில் ஒரு எண்

ஜூன் 3, காலை. ஒரு வாசகர் கேட்டது:

எங்கள் கல்லூரி நூலகத்தைக் கோஹா என்ற நூலக மென்பொருளுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். நூல் விவரத்தை வெளியிலிருந்து இறக்கினால் 082 என்ற புலத்தில் 894.8/113 என்று நடுவே சாய்கோட்டோடு வருகிறது. எங்கள் புத்தகங்களின் முதுகில் 894.8113, அதற்குக் கீழே ஆசிரியர் பெயரில் மூன்று எழுத்து. இரண்டும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? பேசாமல் வெளியிலிருந்து வருகிற எண்ணையே எல்லாவற்றுக்கும் வைத்துவிடலாமா? ஒரே நாளில் முடிந்துவிடும் போலிருக்கிறது.

ஜூன் 3, இரவு

ஒரே நாளில் முடியும். நான் முடித்திருக்கிறேன். அதைச் சரிசெய்ய எட்டு மாதம் ஆனது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சாய்கோடு. அது எண்ணின் பகுதியே இல்லை. பெரிய நூலகம் டியூவி என்கிற பகுப்புத் திட்டத்தின்படி நீளமான எண்ணைக் கட்டி வைக்கும்போது, சின்ன நூலகத்துக்கு இவ்வளவு நீளம் வேண்டாமென்றால் இந்த இடத்தில் வெட்டிக்கொள்ளலாம், பொருள் கெடாது என்று காட்டப் போடுகிற குறி. தையற்காரர் துணியில் சாக்பீஸால் கோடு போடுவாரே, அதுபோல. அந்தக் கோட்டோடு யாரும் சட்டை போட்டுக்கொண்டு போவதில்லை. இங்கே வெட்டினால் மிஞ்சுவது 894.8, அதாவது திராவிட மொழி இலக்கியம் மொத்தமும். தமிழ்ப் புத்தகம் நிறைய வைத்திருப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. கோட்டை எடுத்துவிட்டு முழு எண்ணையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பகுப்பெண் வேறு, அழைப்பெண் வேறு. நாம் இரண்டையும் ‘கால் நம்பர்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. புத்தகம் எதைப் பற்றியது என்று சொல்வது பகுப்பெண். அந்த நூலின் எல்லாப் படிகளுக்கும் அது பொது, ஆகவே நூற்பதிவில், மார்க் 21 என்ற பதிவு வடிவத்தின் 082 புலத்தில் இருக்கிறது. அழைப்பெண் என்பது உங்கள் கையில் இருக்கிற இந்த ஒரு படியின் வீட்டு முகவரி: பகுப்பெண், ஆசிரியர் எழுத்து, தேவைப்பட்டால் தொகுதி, ஆண்டு எல்லாம் சேர்ந்தது. கோஹாவில் அது ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாக 952-இல், ‘ஓ’ துணைப்புலத்தில் உட்கார்ந்திருக்கும். முதுகில் என்ன ஒட்டியிருக்கிறதோ அதுதான் அங்கே இருக்க வேண்டும், ஒரு புள்ளிகூட மாறாமல். முதுகில் தப்பாக ஒட்டியிருந்தால் தப்பாகவே இருக்க வேண்டும். 082-இல் என்ன இருந்தாலும் தேடி வருகிற பையனுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

ஜூன் 4

எட்டு மாதக் கதையைக் கேட்கிறார்கள். சரி.

எங்கள் நூலகத்தில் முன்பு யாரோ தமிழ் இலக்கியம் முழுவதையும் 894.811 என்ற ஒரே எண்ணில் போட்டு வைத்திருந்தார்கள். நாவல், கவிதை, நாடகம் எல்லாவற்றுக்கும் அதே எண், அதே நாலு ரேக். டியூவியில் கவிதைக்கு 894.8111, நாடகத்துக்கு 894.8112, கதைக்கு 894.8113 என்று தெளிவாக இருக்கும்போது ஏன் இப்படி என்று எனக்கு வேலைக்குச் சேர்ந்த புதிதில் எரிச்சல். ஒரு சனிக்கிழமை, விடுமுறை நாள், தனியாக உட்கார்ந்து ஆயிரத்துச் சொச்சம் பதிவுகளில் 082-ஐ மொத்தமாகத் திருத்தினேன். பார்க்க அழகாக இருந்தது. அந்த உற்சாகத்தில் படிகளையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 952-இலும் புது எண்ணை ஏற்றிவிட்டேன்.

திங்கட்கிழமை பிள்ளைகள் துண்டுச்சீட்டில் 894.8113 என்று எழுதிக்கொண்டு ரேக்குக்குப் போனார்கள். ரேக்கில் அப்படி ஓர் எண்ணே கிடையாது. கணினியில் எல்லாம் சரி, ரேக்கில் எல்லாம் பழையபடி. எங்கள் அட்டெண்டர் அம்மாவுக்கு எண்ணெல்லாம் கணக்கில்லை. அட்டையின் நிறத்தைச் சொன்னால் போதும், எடுத்துக் கொடுத்துவிடுவார். அவர் ஒருவரால்தான் அந்தப் பருவம் ஓடியது. அப்புறம் ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, பழைய லேபிளைச் சுரண்டி, புதியதை ஒட்டி, ரேக்கைப் பிரித்து அடுக்கி முடிக்க எட்டு மாதம்.

திருத்தம் தப்பில்லை, திருத்திய வரிசைதான் தப்பு. லேபிளை மாற்றுகிற அன்றைக்கு, புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பார்கோடை ஸ்கேன் செய்து அந்த ஒரு படியின் 952-ஐ மாற்ற வேண்டும். 082-ஐ மட்டும் எப்போது வேண்டுமானாலும் மொத்தமாக மாற்றலாம், ஒன்றும் ஆகாது.

ஜூன் 4, மாலை

‘ஒன்றும் ஆகாது’ என்று எழுதியதைக் கொஞ்சம் திரும்பப் பெறுகிறேன். 082-ஐ மாற்றினால் 952 தானாக மாறுமா என்று ஒருவர் கேட்டார். ஏற்கெனவே இருக்கிற படிகளில் மாறாது. ஆனால் புதிதாக ஒரு படியைச் சேர்க்கிற அந்த நிமிடத்தில், அழைப்பெண்ணை எந்தப் புலத்திலிருந்து எடுப்பது என்று கோஹாவில் ஓர் அமைப்பு இருக்கிறது, பலரும் 082-இன் ‘ஏ’, ‘பி’ இரண்டையும் சேர்த்து எடுக்கும்படி வைத்திருப்பார்கள். அப்போது 082-இல் சாய்கோடு இருந்தால் அதுவும் சேர்ந்து வந்து லேபிளில் அச்சாகிவிடும். ஆகவே வெளியிலிருந்து இறக்கிய பதிவில் படி சேர்ப்பதற்கு முன்னால் 082-ஐ ஒரு முறை பாருங்கள். காலையில் 082-க்கு மரியாதை குறைத்துப் பேசிவிட்டேன்.

ஜூன் 6

மூன்று எழுத்து விவகாரம். இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிற்காது.

894.8113-இல் இரண்டாயிரம் நாவல் இருந்தால் அந்த எண் ஒரு தெருவின் பெயர் மாதிரி, வீட்டைக் கண்டுபிடிக்க உதவாது. வேலையெல்லாம் இரண்டாவது வரிக்குத்தான். ஆசிரியர் பெயரை எண்ணாக்கித் தரும் கட்டர் சான்பார்ன் அட்டவணையைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆங்கிலப் பெயர்களை மனத்தில் வைத்துப் போட்டது. நம் பெயர்களை அதில் நுழைத்தால் பாதி ஊர் ஒரே இடத்தில் குவியும். அதனால் பெரும்பாலான நூலகங்களில் பெயரின் முதல் மூன்று எழுத்து, அதுவும் ஆங்கிலத்தில். கல்கி, கலாப்ரியா, கல்யாண்ஜி மூவருக்கும் கே ஏ எல். தமிழில் எழுதினால் பிரிந்துவிடும் என்று தமிழுக்கு மாறினேன்.

மாறிய பிறகுதான் எழுத்து என்றால் என்ன என்கிற கேள்வி வந்தது. லேபிள் அடிக்கிற நிரல் ‘முதல் மூன்று’ என்றால் யூனிகோடு குறிகளில் மூன்றை எண்ணுகிறது. அதற்குப் ‘பு’ என்பது ப, உகரக் குறி என இரண்டு. ஆகவே புத்தன் என்றாலும் ‘புத’, புதுமை என்றாலும் ‘புத’. சுந்தரம் என்பதற்குச் ‘சுந’ என்று அடித்துக் கொடுத்தது. புள்ளியைத் தின்றுவிட்டது. நாம் படிக்கிறபடி எண்ணினால் சுந்த, புத்த, புதுமை என்று வர வேண்டும். கடைசியில் லேபிளுக்கான எழுத்தை மட்டும் கையாலேயே அடிக்கிறேன்.

இன்னொன்று, நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தலைப்பெழுத்து அப்பா பெயருடையது. வெளியிலிருந்து வருகிற பதிவில் சில நேரம் அப்பா பெயர் முன்னால் வந்து நிற்கும், அதைப் பார்த்து லேபிள் அடித்தால் மகன் எழுதிய நாவல் அப்பா பெயரில் அடுக்கப்படும்.

ஜூன் 6, சற்றுப் பிறகு

புனைபெயர் என்ன செய்வது என்று கேட்டவருக்கு: அட்டையில் இருப்பதைப் போடுங்கள். சிறுகதைக்கு வண்ணதாசன், கவிதைக்குக் கல்யாண்ஜி, ஆள் ஒருவர்தான். ஆனால் கதையும் கவிதையும் எப்படியும் வேறு வேறு ரேக். வாசகர் அட்டைப் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார். ஆள் ஒன்று என்பதை ஆசிரியர் பெயருக்கான பதிவில் இணைத்துக் காட்டினால் போதும், அதை முதுகில் காட்ட முயல வேண்டாம்.

ஜூன் 9

தமிழுக்கு மாறியதன் அடுத்த பலன். ரேக் சரிபார்ப்பதற்காக ஒரு பட்டியல் எடுத்து விரிதாளில் அடுக்கினேன். அது எழுத்தை அதன் குறியீட்டு எண்ணை வைத்து அடுக்கியிருக்கிறது போல. யூனிகோடில் ‘ந’வுக்கு அடுத்தே ‘ன’ இருக்கிறது, ‘ர’வுக்கு அடுத்தே ‘ற’. அரிச்சுவடியில் ற, ன இரண்டும் கடைசி. ஆகவே பட்டியலில் அனு முன்னால், அபி பின்னால். ரேக்கில் அபி முன்னால், அனு பின்னால். ‘வ’வுக்கும் ‘ழ’வுக்கும்கூட இதே கதை: நமக்கு அவ முன்னால், அதற்கு அழ முன்னால்.

இரண்டு நாள் அட்டெண்டர் அம்மாதான் தப்பாக அடுக்கியிருக்கிறார் என்று நினைத்து முகம் சுளித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவரே ஒரு கேள்வி கேட்டார்: “ஏன் சார், உங்க மிஷினு பள்ளிக்கூடம் போகலையா?” அவர் சொன்னதுதான் சரி. தமிழ் அகரவரிசைப்படி அடுக்கச் சொல்லித் தனியாகக் கேட்டால்தான் அது செய்யும்.

ஜூன் 10

894 என்ற எண்ணையே கொஞ்சம் பாருங்கள். டியூவி தன் திட்டத்தை 1876-இல் வெளியிட்டார். அதில் ஆங்கில இலக்கியத்துக்கு 820 முழுவதும் தனி, ஆங்கில நாவல் என்றால் 823, மூன்றே இலக்கம். தமிழ் நாவலுக்கு ஏழு இலக்கம். அதுவும் 894 என்பது துருக்கி, அங்கேரி, ஃபின்லாந்து மொழிகளோடு பகிர்ந்துகொண்ட இடம்: துருக்கி இலக்கியம் 894.35, அங்கேரி 894.511, ஃபின்னிஷ் 894.541, அப்புறம் நாம். எங்கள் நூலகத்தில் ஃபின்னிஷ் நாவல் ஒன்று வந்தால் தமிழ்க் கவிதைக்குப் பக்கத்து வீடு.

இதற்கு எதிர்ப்பக்கம் ரங்கநாதனின் கோலன் என்கிற பகுப்புத் திட்டம். கைப்பேசியில் விசைப்பலகையை மாற்றச் சோம்பலாக இருக்கிறது, அதன் ஆங்கில எழுத்துகளைத் தமிழிலேயே எழுதுகிறேன். ரங்கநாதன் 1892-இல் சீர்காழியில் பிறந்தவர், கணக்கு வாத்தியார், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். லண்டனுக்குப் படிக்கப் போன இடத்தில் ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்து, சின்னச் சின்னத் துண்டுகளைத் திருகாணியால் சேர்த்து எதை வேண்டுமானாலும் கட்டலாமே என்று யோசித்தாராம். அந்த யோசனை வளர்ந்து 1933-இல் கோலன் வகைப்பாடாக வந்தது. இலக்கியத்துக்கு ஓ, தமிழுக்கு 31, ஆங்கிலத்துக்கு 111. தமிழ் நாவல் ஓ31,3. ஆங்கில நாவல் ஓ111,3. ஓர் இலக்கமாவது நாம் குறைவு! இதை வகுப்பில் முதலில் கேட்டபோது எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை.

அப்புறம் ஆசிரியரைக் காட்ட அவர் பிறந்த ஆண்டு. எம் என்றால் 1800-கள். பாரதி பிறந்தது 1882, ஆகவே அவர் கவிதை ஓ31,1எம்82. பெயரின் மூன்று எழுத்து, தலைப்பெழுத்து, அப்பா பெயர் என்று மேலே புலம்பியது எதுவும் அங்கே இல்லை.

ஜூன் 12

கோலனைப் புகழ்ந்ததற்கு இரண்டு பேர் கைதட்டியிருக்கிறார்கள், அதனால் அடுத்த பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்குப் போன ஒரு பழைய நூலகத்தில் கோலன் எண்தான். பகுப்பெண்ணுக்குக் கீழே நூலெண், அது பதிப்பித்த ஆண்டு. ஆறாம் பதிப்பின் அட்டவணையில் இதற்கும் எழுத்து உண்டு, ஆனால் பத்தாண்டுக்கு ஓர் எழுத்து: 1950-கள் ஜே, 1960-கள் கே, இப்படியே போய் 1980-கள் எம். ஆக, மேல் வரியில் எம்82 என்றால் 1882-இல் பிறந்தவர், கீழ் வரியில் எம்2 என்றால் 1982-இல் வந்த பதிப்பு. ஒரே லேபிளில், ஒரே எழுத்துக்கு, நூறாண்டு வித்தியாசம். முதல் வாரம் நான் கீழ் வரியை மேல் வரி மாதிரி படித்து ஒரு ரேக்கையே குலைத்து அடுக்கினேன். யாரும் திட்டவில்லை. அங்கே எல்லாரும் முதல் வாரத்தில் அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி ஒவ்வொன்றுக்கும் கோலனில் ஒரு வேலை. பைண்டிங் போய்வந்த புத்தகத்தில் காற்புள்ளியின் வால் தேய்ந்து புள்ளியாகிவிடும். வால் போனால் அர்த்தமும் போச்சு. அங்கிருந்த ஒரு பெரியவர் இதைக் கோலம் என்றே சொல்வார், புள்ளி வைத்துப் போடுவதால்.

ஜூன் 12, இரவு

கோலன் எண்ணை எந்தப் புலத்தில் போடுவது என்று கேட்டார்கள். 082 டியூவிக்கு மட்டும். 080 யூ.டி.சி. என்கிற உலகப் பதின்மப் பகுப்புக்கு, 050 அமெரிக்கக் காங்கிரஸ் நூலக எண்ணுக்கு, மற்ற திட்டங்களுக்கு 084. நன்கொடையாக வந்த புத்தகங்களுக்கான பழைய பதிவுகளில் கோலன் எண்ணை 082-இல் திணித்து, 952-இல் வகைப்பாடு டியூவி என்றும் குறித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். கோஹா அந்தக் குறிப்பை நம்பித்தான் வரிசைப்படுத்தும் விதியைத் தேர்ந்தெடுக்கிறது. ரேக் பட்டியல் வந்த கோலத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஜூன் 15

தேவாரம் இந்து சமயத்துக்கான 294.5-ஆ, தமிழ்க் கவிதைக்கான 894.8111-ஆ? இந்தச் சண்டை எங்கள் நூலகத்தில் நான் வருவதற்கு முன்பே இருந்தது, நான் போன பிறகும் இருக்கும். தமிழ்த்துறைப் பேராசிரியருக்கு அது இலக்கியம், அடுத்த கட்டடத்துப் பேராசிரியருக்குச் சைவம். இருவருக்கும் தம் பக்கத்து ரேக்கில் வேண்டும்.

ஒரு கட்டத்தில் தந்திரம் செய்தேன். பதிவு ஒன்றுதான், 082-இல் எண் ஒன்றுதான். படிகள் மூன்று. அழைப்பெண் படிக்குரியது என்பதால் இரண்டுக்கு 894.8111, ஒன்றுக்குச் சைவத்துக்கான 294.5513 போட்டு இரண்டு ரேக்கிலும் வைத்தேன். மார்க்கில் இதற்குத் தடை எதுவும் இல்லை. பேராசிரியர்கள் சமாதானம். எனக்கும் பெருமைதான், ஜூன் 3-இல் நான் எழுதிய பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா?

ஆனால் இப்போது அப்படிச் செய்யமாட்டேன். சைவ ரேக்கில் தேடிய மாணவிக்கு அங்கிருந்த ஒரு படி வெளியே போயிருந்தது, புத்தகம் இல்லை என்று போய்விட்டாள். இலக்கிய ரேக்கில் இரண்டு படி சும்மா இருந்தது. கணினியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், ஆனால் ரேக்குக்கு நேராக வருகிறவர்தான் அதிகம். இப்போது மூன்றும் ஒரே இடத்தில், மற்ற ரேக்கில் ஓர் அட்டைத்துண்டு: தேவாரம் அந்தப் பக்கம்.

ஜூன் 16

கவிதைப் புத்தகம் அறுபது பக்கம், முதுகே கிடையாது, லேபிளை எங்கே ஒட்ட? முன்னட்டையில், இடது கீழ் மூலையில். கவிஞர் பெயரை மறைக்காமல். ஒருமுறை மறைத்துவிட்டேன், அவரே வந்து பார்த்துவிட்டார்.

ஜூன் 18

தமிழ் எண் நீளம் என்று 10-ஆம் தேதி குறைபட்டதற்கு ஒருவர் நல்ல பதில் போட்டார். தன் மொழி இலக்கியத்துக்கு ஓர் எழுத்தைக் கொடுத்துக் குட்டையான எண் வைத்துக்கொள்ள டியூவியே வழி விட்டிருக்கிறது. அவர் நாவலுக்கு 8த3 என்று வைத்திருக்கிறாராம். முதலில், வெளியிலிருந்து வருகிற பதிவோடு ஒத்துப்போகாதே என்று மறுத்து எழுதத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். 082-இல் வெளி எண் அப்படியே இருக்கட்டும், 952-இல் 8த3 இருக்கட்டும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று யார் சொன்னது? நான்தான் இரண்டு வாரமாக வேண்டியதில்லை என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பழக்கம் விடமாட்டேன் என்கிறது. சின்ன லேபிளில் 8த3 நன்றாகவே இருக்கும். எங்களுக்கு இனி முடியாது, இன்னொரு எட்டு மாதம் என்றால் அட்டெண்டர் அம்மா வேலையை விட்டுவிடுவார்.

ஜூன் 21

முதலில் கேட்ட வாசகர், முதுகை அப்படியே விட்டுவிட்டு 952-இல் முதுகில் இருப்பதை அடிக்கப் போவதாக எழுதியிருக்கிறார். நல்லது. ஒரு சின்ன வேண்டுகோள்: நீங்களாகவே போடுகிற டியூவி எண் என்றால் 082-இன் இரண்டாவது சுட்டியில், அதாவது புலத்தின் தொடக்கத்தில் வருகிற இரண்டாவது குறியிலக்கத்தில், 4 போடுங்கள். 0 போட்டால் காங்கிரஸ் நூலகம் கொடுத்தது என்று பொருள், உங்கள் பதிவை நாளைக்கு இறக்கிக்கொள்கிறவர் நம்பிவிடுவார். எந்தப் பதிப்பைப் பார்த்துப் போட்டீர்கள் என்பதையும் ‘2’ துணைப்புலத்தில் எழுதுங்கள்.

இன்று 300-களில் ரேக் சரிபார்த்தேன். நாலு வருடமாகக் காணவில்லை என்று எழுதிவைத்திருந்த நாவல் ஒன்று திருவிழாப் புத்தகங்களுக்கு நடுவே நின்றது. முதுகில் 394.8113. எட்டுக்குப் பதில் மூன்று அடித்திருக்கிறேன், லேபிள் என் கைவேலைதான், அந்த எட்டு மாதத்தில் ஒட்டியது. எண்ணைப் பார்த்து அடுக்கியவர்கள் எல்லாரும் ஒழுங்காகத்தான் அடுக்கியிருக்கிறார்கள். 952-இல் மட்டும் 894.8113 என்று சரியாக இருந்தது.